போகும்போது இருவர், வரும்போது மூவர்: தத்துப்பிள்ளையைக் கூட்டிவரும் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊரின் பெயருக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறி உண்டு. சுங்கை சிப்புட் என்று எழுதி, அதற்குள் ‘உத்தாரா’வின் முதலெழுத்தைப் போடுவார்கள், வடக்கு என்று பொருள். இந்தியா போவதற்காக இணையத்தில் விசா விண்ணப்பம் நிரப்பியபோது, பிறந்த ஊர் என்ற இடத்தில் என் கணவர் அந்த அடைப்புக்குறியையும் சேர்த்து எழுதினார். பக்கம் நகர மறுத்தது. குறியை எடுத்ததும் நகர்ந்து, அடுத்து அவர் பெயரில் நின்றுகொண்டது. மலேசியத் தமிழர் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் நிற்குமே ஒரு சாய்கோடு, மகன் என்றால் ‘ஏ/எல்’, மகள் என்றால் ‘ஏ/பி’, அதுவும் அதற்குப் பிடிக்கவில்லை. கிளம்ப இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் இரண்டு இடறல்.

நான் திருச்சிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்து, செம்பனைக் காட்டு நடுவில் இருக்கும் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். என் தங்கையின் மகளைத் தத்தெடுத்துக் கூட்டிவரப் போனோம். அப்போது அவளுக்கு ஐந்தரை வயது. தங்கையும் அவள் கணவரும் இப்போது இல்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும். 2024 மார்ச்சில் இருவராகக் கிளம்பி, ஆகஸ்டில் மூவராக வீடு வந்து சேர்ந்தோம்.

அதன்பிறகு தோட்டத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் சிலர் வந்து விவரம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கோப்பி கலக்கிக் கொடுத்து முதலிலிருந்து சொல்வதைவிட எழுதிவிடுவது சுலபம் என்று தோன்றியது. சட்டத்தை விளக்குவது வழக்கறிஞரின் வேலை. நான் வழியைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் பயணத்தில் எல்லாரும் போவதற்குத்தான் தயாராகிறார்கள், வருவதற்கு அல்ல. போகும்போது ஏதாவது தவறினால் நமக்குப் பணம் போகும், தூக்கம் போகும். வரும்போது தவறினால் அந்தச் சுமை குழந்தையின் தலையில் இறங்கும். ஆகவே இதில் பெரும்பகுதி திரும்பும் வழியைப் பற்றியதாகவே இருக்கும்.

டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்

‘சொந்தக்காரப் பிள்ளைதானே, ஊருக்குப் போய் எழுதி வாங்கி வந்துவிடலாம்’ என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள். இந்தியாவின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் தத்தெடுப்புக்கு ‘உறவினர்’ என்று யாரைச் சொல்கிறது என்பது முக்கியம். தாய் தந்தையின் உடன்பிறந்தவர்களும் இருபுறத்துத் தாத்தா பாட்டியும் மட்டுமே அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஒன்றுவிட்ட அக்காள் பிள்ளை, மாமன் மகளின் பிள்ளை எல்லாம் நம் வீட்டுக் கணக்கில் சொந்தம், அந்தச் சட்டத்தின் கணக்கில் இல்லை. நான் குழந்தைக்குப் பெரியம்மா என்பதால் அந்தக் கதவு எங்களுக்குத் திறந்தது.

வெளிநாட்டில் வாழும் உறவினர் தத்தெடுக்க அதே சட்டத்தின் 60ஆவது பிரிவு வழி சொல்கிறது. முன்பு நீதிமன்றம் தந்த தத்தெடுப்பு ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் தருகிறார். அதன்மேல் டில்லியிலுள்ள மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் ஆட்சேபனையின்மைச் சான்றும் வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும் என்று சொல்லும் தரகரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். முறையை மீறித் தத்துக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் மூன்றாண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அந்தத் தாளோடு கடப்பிதழ் (பாஸ்போர்ட்) அலுவலகத்தில் போய் நின்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

மலேசியப் பக்கத்தில் இரண்டு செய்திகள். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கான 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறது, மலேசியா இல்லை. அதனால் வேறு நாட்டில் இருக்கும் உறவினர் சொல்லும் நடைமுறை நமக்கு அப்படியே பொருந்தாது. நம் ஊரிலிருந்து எந்தக் கடிதம், யாரிடமிருந்து வேண்டும் என்று கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். எந்த வகை விசாவில் போக வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, தத்தெடுத்த உடனே குழந்தைக்கு மலேசியக் குடியுரிமை கிடைத்துவிடாது. அது இந்தியக் கடப்பிதழோடுதான் இங்கே இறங்கும். எந்த அனுமதியின் பேரில் தங்கும் என்பதைக் குடிநுழைவுத் துறையில் போகும் முன்பே கேட்டு வைக்க வேண்டும். ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்பது திருச்சி விமான நிலையம் வரும்போது விளங்கும்.

பெயர் என்கிற பெரிய தலைவலி

எங்கள் மூவருக்கும் மூன்று விதப் பெயர்முறை. கணவருக்குச் சாய்கோடு. எனக்குத் தமிழ்நாட்டு வழக்கப்படி முதலெழுத்து, கடப்பிதழில் மட்டும் அது அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கிறது. எங்கள் மலேசியத் திருமணச் சான்றிதழிலோ அந்த முதலெழுத்து அப்படியே ஓர் எழுத்தாக இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “அம்மா, இதில் இருப்பதும் அதில் இருப்பதும் நீங்கள் ஒருவர்தானா?” நான்தான் என்பதற்கு நானே சாட்சி சொன்னால் செல்லாது. ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. அதற்கு ஒரு நாள் போனது.

கிளம்பும் முன்பே ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: கடப்பிதழில் பெயர் எப்படி இருக்கிறது, திருமணச் சான்றிதழில் எப்படி, வங்கிக் கணக்கில் எப்படி. ஓர் எழுத்து மாறினாலும் இங்கேயே உறுதிமொழிப் பத்திரம் எடுத்துவிடுங்கள். விமான டிக்கெட்டிலும் விசாவிலும் கடப்பிதழின் அடியில் இருக்கும் இரண்டு வரி இயந்திர எழுத்தைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பு. அந்த வரிகளில் சாய்கோடு வராது.

இன்னொரு வேடிக்கை. எங்கள் திருமணச் சான்றிதழ் முழுக்க மலாயில் இருக்கிறது. இந்த மண்ணில் அது எல்லாருக்கும் புரியும் தாள். தமிழ்நாட்டில் அதைக் கையில் வாங்கியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு, புத்ராஜெயாவில் வெளியுறவு அமைச்சின் முத்திரை, அதன்பின் இந்தியத் தூதரகத்தின் சான்று, இந்த வரிசையில் முடித்துக்கொண்டு போங்கள். நாங்கள் முத்திரையை வாங்கிவிட்டு மொழிபெயர்ப்பை மறந்தோம். புத்ராஜெயா சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ஊர் இல்லை.

என்னைப் போல இன்னும் இந்தியக் குடியுரிமையோடு சிவப்பு அடையாள அட்டை (மலேசிய நிரந்தரவாசிகளுக்கு உரியது) வைத்திருப்பவர்கள் மறுநுழைவு அனுமதியின் கடைசித் தேதியைப் பார்க்கவும். என்னுடையது ஜூனில் முடிவதாக இருந்தது. நான் கவனிக்கவில்லை. கண்டுபிடித்தவர் என் மாமியார். முப்பது ஆண்டு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் தேதி முத்திரையை மட்டும் எங்கிருந்தாலும் வாசித்துவிடுவார். கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது ஈப்போவுக்கு ஓடிப் புதுப்பித்தோம். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் நான் குழந்தையோடு அங்கேயே மாட்டியிருப்பேன்.

தேதியை நம்பாதீர்கள்

ஆட்சியர் இரண்டு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி என் கணவர் செம்பனை ஆலையில் நான்கு வாரம் விடுப்பு எடுத்தார். மற்ற வேலையெல்லாம் முடிந்துவிட்டது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில் போனோம். நாங்கள் இறங்கிய வாரத்தில், மார்ச் 16 அன்று, நாடாளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரே மாவட்டத் தேர்தல் அதிகாரியும் ஆவார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. இடைப்பட்ட நாட்களில் எந்த மேசைக்குப் போனாலும் அதன்மேல் வாக்குச்சாவடிப் பட்டியல்தான் கிடந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. எங்களுக்குத்தான் நாட்காட்டி பார்க்கத் தெரியவில்லை.

ஏப்ரலில் கணவர் தனியாகத் திரும்பினார். மீண்டும் ஜூலைக் கடைசியில் வந்தார். நான் அங்கேயே தங்கிவிட்டேன். இப்போது யோசித்தால் அந்தத் தாமதம் ஒரு நல்லதும் செய்தது. குழந்தையும் நானும் ஒரே பாயில் நான்கு மாதம் படுத்துப் பழகினோம். ஆனால் எல்லாருக்கும் தாய்வீடு அங்கே இருக்காது.

நாள் குறிக்கும் முன் பார்க்க வேண்டியவை: தேர்தல், ஜனவரி நடுவில் பொங்கல் விடுமுறை, அந்த வாரம் அரசு அலுவலகத்தில் ஒரு காரியமும் நடக்காது, தீபாவளி, அப்போது ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழைதானே என்று இங்கிருப்பவர்கள் சிரிப்பார்கள், நாம் பார்க்காத மழையா என்று. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் அதேதான். சென்னை வழியாகப் போவதாக இருந்தால் அந்த மூன்று மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

போகும் டிக்கெட்டை மட்டும் உறுதியாக எடுங்கள். திரும்பும் டிக்கெட் தேவை என்றால் தேதி மாற்றிக்கொள்ளும் வகையில் எடுங்கள். விலை கூடுதல்தான். நாங்கள் மிச்சம் பிடிக்க நினைத்து இரண்டு டிக்கெட்டை வீணாக்கினோம். அந்தக் கூடுதல் விலையைவிட இழந்தது அதிகம்.

ஊரிலிருந்து விமானம் வரை

இந்தப் பகுதி உங்களுக்குத் தெரிந்ததே, சுருக்கமாகச் சொல்கிறேன். சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயில் நிற்கிறது. ஈப்போ அமான்ஜெயா பேருந்து நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கே நேரடியாகப் பேருந்தும் இருக்கிறது. பெட்டி அதிகம் என்றால் பேருந்து நல்லது, கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் படி ஏறி இறங்க வேண்டாம்.

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள். நாங்கள் இரண்டாம் முனையத்தில் இறங்கினோம். எங்கள் விமானம் முதலாம் முனையத்தில். பழைய பழக்கம், ‘இந்தியா என்றால் அங்கேதான்’ என்று கணவர் சொல்ல, நான் டிக்கெட்டைப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ரயில் மூன்றே நிமிடம், இரண்டு வெள்ளி (ரிங்கிட்). ஆனால் பெட்டிகளோடு ரயிலைத் தேடி, காத்திருந்து, மறுபடி மேலே ஏறி வர முக்கால் மணி நேரம் ஆகிறது.

நள்ளிரவு விமானத்தின் தேதியையும் கவனியுங்கள். 14ஆம் தேதி 00.25 என்றிருந்தால் 13ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஜூலையில் கணவரின் டிக்கெட்டில் ‘12.25’ என்று யாரோ கைப்பட எழுதிக் கொடுத்ததை நாங்கள் மதியம் என்று வாசித்தோம். விமானம் போன பிறகுதான் அவர் ஈப்போவில் பேருந்து ஏறினார்.

எங்கள் பயணத்தின்போது இல்லாத ஒன்று இப்போது வந்திருக்கிறது: 2025 அக்டோபர் முதல் இந்தியாவுக்குள் நுழையும் வெளிநாட்டவர் மின்வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கும் கணவன் அல்லது மனைவிக்கு இது பொருந்தும்.

அங்கே இருக்கும் நாட்களில்

பணத்தைப் பற்றி ஒன்று. வங்கியின் ஒருமுறைக் கடவு எண் மலேசியக் கைத்தொலைபேசிக்குத்தான் வரும். என் எண் முன்கட்டண எண். இரண்டாம் மாதம் அதன் ஆயுள் முடிந்து செத்துவிட்டது, வங்கிக் கணக்கும் என்னைப் பொறுத்தவரை செத்தது போலத்தான். ஊரில் ஒருவரிடம் சொல்லி மாதாமாதம் பணம் ஏற்றச் சொல்லுங்கள். மாமியார் வழிச்செலவுக்கு என்று ஓர் உறையில் இந்திய ரூபாய் கொடுத்தனுப்பினார். அந்தப் பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் 2016 நவம்பர் 8 இரவோடு செல்லாமல் போனவை. அவருக்கு நான் இன்னும் அதைச் சொல்லவில்லை.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வாங்கும்போது பொட்டலத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கானதும் இருக்கிறது, ஒரு தம்ளருக்கானதும் இருக்கிறது. பெரிய பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஏறிவிடும், அது ஆபத்து. நான் அந்தத் தவற்றைச் செய்யப் போனேன், என் அம்மா தம்ளரைப் பிடுங்கிக் கொட்டினார்.

குழந்தையின் டிக்கெட்

ஆணை கைக்கு வந்த மகிழ்ச்சியில் அன்று மாலையே மூவருக்கும் டிக்கெட் போட்டேன். பிள்ளையின் பெயரை எனக்குத் தெரிந்தபடி, அவள் அப்பாவின் முதலெழுத்தோடு எழுதினேன். தத்தெடுப்புக்குப் பிறகு பிறப்புச் சான்றிதழ் புதிதாக வரும், அதில் பெற்றோர் பெயர் மாறும், அதை வைத்துத்தான் கடப்பிதழ் அச்சாகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கை பழைய பெயரைத்தான் எழுதியது. என் தங்கை வீட்டுக்காரரின் எழுத்து அது. அதை எடுப்பதற்குக் கை வரவில்லை போல.

கடப்பிதழ் வந்தபோது பெயர் வேறு. டிக்கெட்டில் பெயர் மாற்ற முடியாது, புதிது வாங்கு என்றார்கள். வாங்கினோம், ஏறத்தாழ இரண்டு மடங்கு விலையில்.

ஆகவே: கடப்பிதழ் கையில் வரும்வரை குழந்தைக்கு டிக்கெட் போடாதீர்கள். வந்ததும் ஒவ்வோர் எழுத்தையும் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். அச்சுப் பிழை இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும், இங்கே வந்தபின் முடியாது. பெரியவர்களின் டிக்கெட்டையும் அதன்பிறகே போடுங்கள், இல்லாவிட்டால் மூவர் மூன்று விமானத்தில் வர நேரும்.

கிளம்பும் நாள்

வழியனுப்புவதை வீட்டு வாசலிலேயே முடித்துவிடுங்கள். இந்திய விமான நிலையங்களில் டிக்கெட் இல்லாதவர்களை வழக்கமாக உள்ளே விடமாட்டார்கள். துப்பாக்கியோடு நிற்கும் காவலர் வாசலிலேயே டிக்கெட்டையும் கடப்பிதழையும் பார்ப்பார். எனக்கு இது தெரியும். ஆனால் அம்மா வருவேன் என்றபோது வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. நாங்கள் மூவரும் வாசலைத் தாண்டினோம், அம்மா நின்றுவிட்டார். அம்மாச்சியும் வருகிறாள் என்று நினைத்திருந்த பிள்ளை திரும்பிப் பார்த்தாள், பிறகு ஓடினாள். காவலர் நல்ல மனிதர். குனிந்து அவளைப் பிடித்து என்னிடம் கொண்டு வந்தார். அவள் என்னைக் கடித்துவிட்டாள். உள்ளே அவ்வளவு பேருக்கு நடுவில், கடித்த கையோடு, பெரியம்மா வேண்டாம் வேண்டாம் என்று அவள் கத்திக்கொண்டிருக்க, அவளுடைய கடப்பிதழை நீட்டி நின்ற என்னை எல்லாரும் பார்த்தார்கள். பிள்ளை பிடிக்கிறவள் என்று யாராவது நினைத்திருந்தாலும் அவர்கள் மேல் தவறில்லை.

வீட்டிலேயே, பசியாறிய பிறகு, அவசரமில்லாமல் விடைபெறச் செய்யுங்கள். பாட்டி வரமாட்டார் என்பதை முன்தினமே சொல்லுங்கள். பிள்ளை அழுதால் அது வீட்டிலேயே அழட்டும்.

அடுத்தது பதிவு மேசை. அங்கே இரண்டு கேள்விகள் வந்தன. முதலாவது: பிள்ளைக்கு ஒருவழி டிக்கெட்தான் இருக்கிறது, திரும்பும் டிக்கெட் எங்கே? 2023 டிசம்பர் முதல் இந்தியக் கடப்பிதழ்காரர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவுக்கு வரலாம். அது வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு. நிலையாகத் தங்க வருகிற குழந்தைக்குத் திரும்பும் டிக்கெட் இருக்காது, மேசையில் இருப்பவருக்கோ அது விதிப்படி ஒரு குறை. அப்போது ‘சுற்றுலாவுக்கு வருகிறாள்’ என்று பொய் சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். பின்னால் குடிநுழைவுத் துறையில் அந்தப் பொய்யே எதிரே வந்து நிற்கும். எங்கள் கோப்பில் ஆட்சியரின் ஆணை, ஆட்சேபனையின்மைச் சான்று, குடிநுழைவுத் துறையில் முன்பே எழுதிக் கேட்டு வாங்கிய பதில் மூன்றும் வரிசையாக இருந்தன. மேற்பார்வையாளர் வந்து நின்றபடியே வாசித்தார், எங்கோ பேசினார், நாற்பது நிமிடம் கழித்துத் தலையாட்டினார்.

இரண்டாவது கேள்வி எங்களுக்கே தெரியாதது. மலேசிய மின்வருகை அட்டை எங்கே என்றார்கள். 2024 ஜனவரி முதல் மலேசியாவுக்குள் வரும் வெளிநாட்டவர், வருவதற்கு மூன்று நாளுக்குள் அதை இணையத்தில் நிரப்ப வேண்டும். கணவர் குடிமகன், என்னிடம் நிரந்தரவாசத் தகுதி, எங்கள் இருவருக்கும் தேவையில்லை. ஆகவே எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. பிள்ளைக்கு வேண்டும். வரிசையில் நின்றபடியே கணவர் தொலைபேசியில் நிரப்பினார். ‘பயணத்தின் நோக்கம்’ என்ற கேள்விக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பட்டியலில் எங்களுக்கான விடை இருக்கவில்லை.

இந்தப் பரபரப்பில்தான் நான் இந்தப் பயணத்தின் மிகப் பெரிய தவற்றைச் செய்தேன். கைப்பை ஒன்பது கிலோ காட்டியது. அனுமதி ஏழு. பின்னால் வரிசை முணுமுணுத்தது. கையில் அகப்பட்ட துணிமூட்டை ஒன்றை எடுத்துப் பெரிய பெட்டிக்குள் திணித்து அனுப்பிவிட்டேன்.

விமானம் மூன்று மணி நேரம் தாமதம். அதைப் பற்றி ஒரே வரி: மலேசியாவுக்கு வந்துபோகும் விமானங்களுக்கான பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி இரண்டு மணி நேரத் தாமதத்துக்கே உணவு கேட்கலாம், ஐந்து மணி நேரம் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் அறையும் கேட்கலாம். நாங்கள் கேட்கவில்லை, கட்டிவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம்.

வானத்தில்

இறங்கும்போது காது வலிக்கும். எதையாவது மெல்லவோ விழுங்கவோ கொடுங்கள். கழிப்பறையில் நீரை இழுக்கும் சத்தத்தைப் பற்றி முன்பே சொல்லி வையுங்கள், கதவுக்கு வெளியே அழைத்து வந்த பிறகு நீங்களே போய் அதை அழுத்துங்கள். அவள் தூங்கினால் நீங்களும் தூங்குங்கள். நான்கு மணி நேரம்தான், கடந்துவிடும்.

பெட்டி வராவிட்டால்

எங்கள் பெட்டி வரவில்லை. சுழலும் பட்டையில் எல்லாருடையதும் போய்விட்டது, கடைசியில் யாருடையதோ ஒரு மாவு மூட்டை மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திருச்சியில் ஏற்றாமல் விட்ட பெட்டிகளில் எங்களுடையதும் ஒன்று என்று பிறகு தெரிந்தது.

செய்ய வேண்டியது இது. அந்தக் கூடத்தை விட்டு வெளியே போகாமல் பெட்டி தொலைந்ததற்கான மேசையில் புகார் எழுதி, புகார் எண்ணை வாங்குங்கள். கடப்பிதழின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் பெட்டிச் சீட்டைக் காட்டுங்கள். பலர் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். வீட்டு முகவரி எழுதும்போது எங்களைப் போல அந்த அடைப்புக்குறியில் மறுபடி விழாமல், 31100 என்ற அஞ்சல் குறியீட்டைத் தெளிவாக எழுதுங்கள். இந்தியாவும் மலேசியாவும் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இருக்கின்றன. அதன்படி பெட்டி சேதமாகி வந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். அதற்கிடையில் வாங்கிய மாற்றுத்துணி, பல்துலக்கி எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள்.

துணிக்கு ரசீது இருந்தது. ஆனால் பெட்டிக்குள் நான் திணித்த மூட்டையில் என் தங்கையின் பழைய நூல்புடவை இருந்தது. வாடாமல்லி நிறம், ஓரம் நைந்தது. பிள்ளை அதன் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். அம்மா வீட்டில் அது எப்போதும் பாயிலேயே கிடக்கும் என்பதால், அதை ஒரு பொருளாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆவணங்களுக்கு மூன்று நகல் எடுத்து வைத்தேன். அதை மட்டும் மூட்டையோடு போட்டேன்.

சுங்கை சிப்புட்டில் முதல் இரவு அவள் தூங்கவில்லை. அழவும் இல்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே செம்பனை வரிசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் இரவு மாமியார் தன்னுடைய பழைய கைலி ஒன்றைக் கொண்டுவந்து மடியில் போட்டார். அவள் மோந்து பார்த்தாள், மரியாதையாக மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். நான் எடுத்துக் கொடுத்த என் புடவைக்கும் அதே மரியாதை.

ஆகவே கைப்பையில் முதலில் போக வேண்டியது அதுதான். உங்கள் பிள்ளைக்கு அது ஒரு தலையணை உறையாக இருக்கலாம், காது பிய்ந்த பொம்மையாக இருக்கலாம். என்னவென்று பாட்டியிடமோ இல்லத்து ஆயாவிடமோ கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். துணியாக இருந்தால் ஒரு துண்டு வெட்டி இன்னொரு பையிலும் வையுங்கள். துவைக்காதீர்கள். எடை கூடினால் உங்கள் செருப்பை எறியுங்கள், பலகாரத்தை எறியுங்கள்.

மூன்றாம் நாள் பகல் ஒரு வேன் வந்தது. ஓட்டுநர் பெட்டியை இறக்கிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். கையெழுத்துப் போடும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள், பூட்டு உடைந்திருந்தால் அவர் தாளிலேயே எழுதி வாங்குங்கள் என்பதும் ஒரு விதிதான். எங்கள் வீட்டில் அதற்கு அவசியம் இருக்கவில்லை. நான் பேனாவைத் தேடுவதற்குள் அவள் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, பல்லால் அதன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.